உள்ளே போய்ப் பார்ப்பவர்

"இருங்க அக்கா, உள்ள போய்ப் பாத்துடறேன்" என்று என் பக்கத்து மேசைக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடிகாரத்தோடு அவர் சர்வருக்குள் நுழைவதில்லை. கடவுச்சொல்லை ஒற்றை விரலால் அடித்தார்.

"ஐயோ, மறுபடி வெளிய தள்ளிடுச்சு தம்பி!"

"நான் உள்ள வந்துட்டேன். இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேன் என்று பெயர். மின்விசிறி நின்றுபோனாலும் பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவார். ஆபீஸ் கணக்கெல்லாம் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. காலையில் வந்ததும் ஒருமுறை, டீ குடித்ததும் ஒருமுறை, மனசு கேட்காமல் நடுநடுவே பலமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

போனில் கூப்பிட்ட கிடங்கு அக்காவுக்குக் காலில் மாவுக்கட்டு. வீட்டிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து சரக்குப் பட்டியலைப் பதிகிறார். மூன்று நாளாகப் பாதியில் வெளியே விழுகிறார். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் ஆபீசுக்கே வரட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஆபீஸ் நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது.

அக்கா விழுந்த நேரங்களையெல்லாம் ஸ்கேன் ஒரு நோட்டில் எழுதிவந்தார். வியாழக்கிழமை யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற சர்வரின் பதிவுகளைப் படித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, யாரோ நம்ம பேர்லயே உள்ள வர்றான்."

நம்ம பேர் என்பது சர்வருக்குள் நுழைய இருவருக்கும் பொதுவான ஒரே பேர். அவரே வைத்தது. ஆளுக்கொன்று வைத்தால் இரண்டையும் அவர்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றினார். அக்காவுக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னார். பலனில்லை.

"கில்லாடி அக்கா அவன். மாத்தினது சரியா இருக்கான்னு நான் உள்ள போய்ப் பாக்கறதுக்குள்ள அவனும் வந்துடறான்." குரலைத் தாழ்த்தினார். "நீங்க யார்கிட்டயும் சொல்லலையே?"

அக்காவுக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்தது.

"அந்த நோட்ட எடு. நேரத்தப் படி."

"பத்து இருவது. பதினொண்ணு அஞ்சு."

"பதினொண்ணு அஞ்சுக்கு நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"டீ குடிச்சுட்டு உள்ள போய்ப் பாத்தேன்."

"ஒரு பேருக்கு ஒரு ஆளத்தான்பா உள்ள விடும். நீ வந்தா நான் போறேன். திருடனே நீதான்."

"அதெப்படிக்கா? நான் பாக்கத்தானே வர்றேன்!"

"நாளைக்கு ஒரு நாள் பாக்காம இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மறுநாள் ஸ்கேன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது. நாலு மணிக்கு அக்கா கூப்பிட்டார். அவர் கையை எடுக்காததால் போனை நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பட்டியல் முழுசாப் பதிஞ்சாச்சு தம்பி. மேனேஜர் வீட்லயே இருக்கச் சொல்லிட்டார்."

"ஒரு தடவகூட தள்ளலையா?"

"இல்லப்பா."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைகளை வெளியே எடுத்து, கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.