மகளுக்கு அனுப்பிய முடியும் மூன்று விரல் விபூதியும்

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். சாமி காரியத்தை வேடிக்கையாக எழுதிவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று ஒரு பயம். நான் செய்த தப்பு ஊருக்கே தெரிந்துவிடுமே என்று இன்னொரு பயம். எட்டாவது வரைக்கும் படித்த கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மலைமேல் வடகவுஞ்சியில் பூண்டுக்காடு. ஒரே மகள். அவள் ஆராய்ச்சிப் படிப்புக்காக வடக்கே ரயில் ஏறிய அன்று, "நல்லபடியா முடிச்சு வரட்டும் முருகா, பழனிக்கு வந்து மொட்டை போடுறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அதற்கப்புறம் என் முடியில் கத்தரி பட்டதில்லை. சாயமோ ஷாம்புவோ எப்போதுமே பட்டதில்லை.

அவள் ஆராய்ச்சி செய்ததே முடியைத்தான்! மலை வெயில் முடிக்கு உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்கிறாளாம். அதற்கு எக்ஸ்ரே.

"எக்ஸ்ரேன்னா எலும்பு பாக்குறதுதானே?" என்று போனில் கேட்டேன்.

"இது வேறம்மா. நூல் கணக்கா மெல்லிசா எக்ஸ்ரேயை முடி மேல விடுவோம். பெரும்பாலும் நேரா போயிரும். துளியூண்டு மட்டும் லேசா விலகித் தெறிக்கும். எவ்வளவு விலகுதுன்னு பாத்தா, முடிக்குள்ள இருக்க பொடிநூலெல்லாம் எம்புட்டு இடைவெளியில அடுக்கியிருக்குன்னு கணக்குப் போட்டுரலாம். முடியை அறுக்கவே வேணாம்."

சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறல் என்று அதற்குப் பெயர். அதே மிஷினில் ஒருவர் பாலை வைத்துப் பார்க்கிறாராம், ஒருவர் எலும்பை. இன்னொருவர், மருந்தைக் கொழுப்புத் துளிக்குள் பொதிந்து உடம்புக்குள் அனுப்ப முடியுமா என்று பார்க்கிறாராம். கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. எத்தனை நுணுக்கமாகப் படைத்திருக்கிறான் அவன்!

ஆனால் மகள் சிக்கலில் இருந்தாள். கடையில் வாங்கிய முடியெல்லாம் ஏற்கெனவே மருந்தில் முக்கி எடுத்தது என்று தெரிந்துபோனது. மிஷின் அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள். அதை விட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் படிப்புக்குக் கொடுத்த காலமே முடிந்துவிடும்.

"உன் முடியில ஒரு கொத்து வெட்டி அனுப்பும்மா."

"ஏ தாயி, அது சாமிக்கு நேர்ந்தது. நீ கேட்டாலும் கத்தரி வைக்க மாட்டேன்."

அவள் படிப்பும் கெட்டுவிடக் கூடாதே. சட்டென்று ஒன்று தோன்றியது. "சீப்புல தானா வர்றது ஆகுமா? அது நான் வெட்டுறது இல்லியே?"

"அம்மா! அது வேரோட வர்ற முழு இழையாச்சே! அதுதாம்மா இன்னும் நல்லது!" அவள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தேன்.

தினமும் வெள்ளனே எழுந்து தலை சீவினேன். உதிர்ந்த இழைகளை வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் பார்த்து அடுக்கி, வேர்ப்பக்கம் வெள்ளை நூலால் கட்டினேன். எதையும் தடவக் கூடாது என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தலைக்கே எண்ணெய் வைக்கவில்லை.

அனுப்பும் அன்று முடியை முருகன் படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டேன். மனசு கேட்கவில்லை. விபூதியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, நெற்றியில் இடுகிற மாதிரி கட்டின் நடுவில் மூன்று விரலால் பட்டை போட்டேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "ஏ புள்ள, ஒண்ணும் தடவக் கூடாதுன்னுல்ல சொன்னா?"

"எண்ணெய்தாங்க தடவக் கூடாது. விபூதி எண்ணெயா?"

"சரிதான். அப்ப அந்த மிஷினுக்கும் ஒரு மாலை கட்டி அனுப்பு."

மிஷின் கிடைத்த நாளில் மத்தியானம் போன் வந்தது.

"அம்மா, முடியில என்ன போட்ட? காலையிலருந்து இழையோட நடுவுல வச்சுப் பாக்குறேன், படம் பூரா வெள்ளையாக் கெடக்கு. கண்ணுக்குத் தெரியாத பொடி ஏதோ ஒட்டிக்கிட்டு தெறிக்கிது. சாயங்காலத்தோட மிஷினைக் குடுத்துரணும்."

"விபூதி" என்றேன்.

"விபூதியா! ஐயோ, கழுவுனா முடியில இருக்க கொழுப்பும் சேந்து போயிருமே." அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பிறகு திடீரென்று, "பூரா தடவுனியா, பட்டையாப் போட்டியா?"

"பட்டைதான் தாயி. நடுவுல மட்டும்."

"வேர்ப்பக்கத்து நூல்லருந்து எம்புட்டு தூரம்?"

"ஒரு சாணும் நாலு விரக்கடையும்."

"சாணுக்கு நான் எங்கம்மா போவேன்? அளந்து சொல்லு, வெரசா!"

வீட்டுக்காரர் காட்டில் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். என் சாணையும் விரலையும் வைத்து அளந்து, பட்டை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று போனில் கத்தினார். அவள் பட்டைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மட்டும் கதிரை விட்டாள். அவளுக்கு வேண்டியதும் புதிதாக முளைத்த வேர்ப்பக்கமும், பல வருட வெயில் பட்ட நுனியும்தானே!

பொழுது சாயும் நேரத்தில் படம் வந்தது. கறுப்புக்கு நடுவில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பிறை. வேர்ப்பக்கத்துப் படத்தில் பளிச்சென்று, நுனிப்பக்கத்துப் படத்தில் கலங்கலாக.

"வெயிலு முடிக்கு உள்ளாற வரைக்கும் போயிருக்கும்மா! கண்ணால பாக்குறோம்!"

அவள் அங்கே குதிக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் இங்கே குதிக்கிறோம். அன்றைக்குச் சோறு பொங்கவே மறந்துபோனேன்.

படிப்பு முடிந்தது. முழு முடியையும் பழனியில் இறக்கிவிட்டு வந்தேன்.

இப்போது ஊரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். விபூதி போட்டதால்தான் மிஷினே ஓடியதாம். படத்தில் வேல் தெரிந்ததாம். இல்லை. என் விபூதியால் காரியம் கெடப் பார்த்தது. முழுசாகப் பூசாமல் நடுவில் மட்டும் போட வைத்தானே, அவன் கருணை எனக்கு அவ்வளவுதான், அதுவே போதும். இதை வாசித்தவர்கள் அடுத்தவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் என் தப்பை எடுத்துவிடாதீர்கள், இல்லாத வேல் ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள். நடந்தது நடந்தபடியே போகட்டும்.