திட்டுத் திட்டான பேண்ட்

அம்பத்தூர் துணிக்கடையில் மகளுக்காகக் கையில் எடுத்த, பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான பேண்ட்டின் கஞ்சி வாசனை, இன்று இல்லாமலே போய்விட்ட எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு என்னை இழுத்துப் போனது. அம்மா அங்கிருந்த ஃபேக்டரியில் இதே திட்டுத் துணியில் ராணுவ உடுப்பு தைப்பவள். சாயங்காலச் சங்கு ஊதியதும், அந்தத் துணியின் நூல்பிசிறு ஒன்றுகூட ஒட்டி வராதபடி புடவையை கேட்டிலேயே உதறிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். தொண்ணூறுகளில் அதே திட்டுகள் பூந்தமல்லிக் கடைகளில் ஃபேஷனாகத் தொங்க ஆரம்பித்தபோது, அழுது அடம்பிடித்து ஒரு பேண்ட் வாங்கினேன். அம்மா அதை உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்தாள், பிரிந்தது.

"இத்தப் போட்டுக்கினு முள்ளுல தவழ முடியுமாடி?"

"நான் எதுக்குமா தவழப் போறேன்? ஸ்கூல் டூருக்குத்தானே!"

"நீ தவழாட்டி போ. துணி தாங்கணும்."

மொத்தத் தையலையும் பிரித்துப் போட்டு, மிஷின் கடகடக்க இரட்டைத் தையலாக அடித்து முடித்த பிறகுதான் எழுந்தாள்.

இன்றும் பேண்ட்டைத் திருப்பி இழுத்தேன், பிரிந்தது.

"வேற காட்டட்டுமாக்கா?" என்றாள் கடைப்பெண்.

"வேணாம், இதையே குடு."

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, மிஷினுக்கு எண்ணெய் விட்டு வைக்கச் சொன்னேன்.