திரைச்சீலை சுவராகாது

இடுப்பில் நான்கு ஒட்டுப்பட்டைகள். அவற்றிலிருந்து கிளம்பிய ஒயர்கள் ஒரு சின்ன மெஷினுக்குள் போயின. கட்டெறும்பு ஊர்வது போல மின்சாரம் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் குப்புறப் படுத்திருந்தேன்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் இருக்கும் பிசியோதெரபி கிளினிக் அது. மூன்று கட்டில்கள், நடுவில் திரைச்சீலைகள். இது நடந்து மாதங்கள் சில ஆகிவிட்டன.

பக்கத்துக் கட்டிலுக்கு ஓர் இளம்பெண் வந்தார். முதுகுவலி. உடன் மாமியார். தெரபிஸ்ட் ஷமீமாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. செங்காங்கிலிருந்து வருகிற பெண். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

மெஷின் போடுவதற்கு முன், புதிதாக வருகிறவர்களிடம் சில கேள்விகள் கேட்பார்கள்.

"நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கா?"

"இல்ல."

"வலிப்பு வந்திருக்கா?"

"இல்ல."

"முதுகுல எங்கயாச்சும் மரத்துப்போன மாதிரி இருக்கா?"

"இல்ல."

"கர்ப்பமா இருக்கீங்களா? இருக்கலாம்னு சந்தேகமாவது?"

பதில் வரவில்லை. ஒரு நொடி, இரண்டு, மூன்று...

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் மாமியார். "இருந்தா எனக்குத் தெரியாதா? நீ மெஷின போடு."

"அவங்க சொல்லட்டும் ஆன்ட்டி."

"இல்ல," என்றது மெல்லிய குரல்.

முதல் மூன்று 'இல்ல'க்களும் உடனே வந்தவை. இது மட்டும் தாமதித்து வந்தது. எனக்கே தெரிந்தது என்றால் ஷமீமாவுக்குத் தெரியாதா?

"ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

"ஏன்? நான் அவ மாமியார் லா. எனக்குத் தெரியாம அவளுக்கு என்ன இருக்கு?"

"வெளிய உக்காருங்க ஆன்ட்டி. இல்லன்னா நான் மெஷின தொடவே மாட்டேன்."

"உங்க பாஸ்கிட்ட சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லுங்க. கவுன்டர்லதான் இருக்காரு."

நாற்காலி கிறீச்சிட்டது. நான் மனதுக்குள் கைதட்டினேன். அடுத்த நொடி என் திரை விலகியது.

"அங்கிள், நீங்களும்."

"எனக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கேம்மா?"

"அப்புறம் போட்டு விடறேன். துணிதானே அங்கிள் இது, சுவரா?"

மெஷினின் அளவைப் பூஜ்யத்துக்குக் குறைத்து, அணைத்து, அதன் பிறகே பட்டைகளை உரித்தார். அவசரத்திலும் வரிசை மாறவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினேன்.

கருவுற்றிருக்கலாம் என்றால் இடுப்பிலோ வயிற்றிலோ இந்த மின்சாரத்தைப் பாய்ச்சுவதில்லை. கிளினிக்கின் விதி அது. நம் வீடுகளில் இன்னொரு விதி இருக்கிறது — மூன்று மாதம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. சிலர் மாமியாரிடமும் சொல்வதில்லை. மூடநம்பிக்கை என்று சிரிக்காதீர்கள். ஊருக்கெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "இல்லாமப் போச்சு" என்று சொல்லவேண்டி வந்த பெண்களை நான் அறிவேன்.

மாமியார் தலைமாட்டில் நிற்க, அந்தக் கேள்வி வந்தால் ஒரு பெண் என்ன சொல்வார்? இல்லை என்றுதான். அந்தப் பொய்க்கு அவர் மேல் பழி போட நான் தயாரில்லை. கேள்வி படிவத்தில் இருந்தால் போதுமா? உண்மையைச் சொல்ல ஓர் இடமும் வேண்டாமா? அதைக் கொடுக்காத கிளினிக்கில் மெஷின் எவ்வளவு ஒசத்தியாக இருந்தால்தான் என்ன?

பத்து நிமிடத்தில் ஷமீமாவும் அந்தப் பெண்ணும் வெளியே வந்தார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"மெஷின் போட்டாச்சா?" என்றார் மாமியார்.

"இல்ல ஆன்ட்டி. இன்னிக்கு எக்ஸர்சைஸ் மட்டும்தான்."

"அப்ப எதுக்கு அத்தனை கேள்வி?"

"ஃபைலுக்கு."

மாமியாரின் பார்வை மருமகளின் முகத்துக்குப் போயிற்று. அங்கிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு மட்டும் போட்டிருந்தீங்க?"

ஷமீமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கும் முதல் நாள் போடலம்மா. இங்க யாருக்குமே போட மாட்டாங்க. நான் ரெண்டு வாரம் வெறும் எக்ஸர்சைஸ் பண்ணேன்."

சுத்தப் பொய். எனக்கு முதல் நாளே போட்டார்கள்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" ஷமீமாவை ஒரு முறை முறைத்துவிட்டு, மருமகளை அழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாரா? எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதானே என்னை எழுப்பி அனுப்பினார்கள்! எதுவாயினும் அந்த மூன்று மாதக் கெடு இதற்குள் முடிந்திருக்கும். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பத்திரிகையில் வேலை பார்த்த காலம் முழுக்க, ஒரு வரி தப்பாக வந்தாலும் மறுநாளே திருத்தம் போட்டவன் நான். அன்று நான் சொன்ன பொய்க்குப் போடுவதாக இல்லை.