பதினோராம் அறையின் பச்சை அட்டை

எங்கள் கட்டடத்தில் வயதானவர்கள் இருபத்திரண்டு பேர். வருமானத்துக்குத் தக்க வாடகை கொடுப்பார்கள், மீதியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். மேற்பார்வை நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். இருபத்திரண்டு பேரைக் கட்டி மேய்ப்பவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

ஒவ்வொரு கதவிலும் ஓர் அட்டை தொங்கும். படுக்கும்போது சிவப்புப் பக்கம், எழுந்ததும் பச்சைப் பக்கம். காலை எட்டு மணிக்கும் சிவப்பாக இருந்தால் நான் சாவியோடு போக வேண்டும். பச்சை என்றால் கதவைத் திறக்கக் கூடாது. ஒருமுறை அந்த விதியை மீறி, பதினோராம் அறைத் தையல்காரம்மா புடவை மாற்றும் நேரத்தில் நுழைந்துவிட்டேன். அவர் மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அட்டைகளைப் பார்த்துவந்து சொல்வது இங்கேயே குடியிருக்கும் டிரைவர். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர், வயது எழுபத்தாறு. "நாலும் ஒம்பதும் இன்னும் ஸ்டார்ட் ஆகல. மத்ததெல்லாம் ஓடுது" என்பார். போனால் இரண்டு அறையிலும் குறட்டை கேட்கும்.

ஒவ்வொருவரும் தனியாக வாழத் தகுதியானவர் என்று வருஷாவருஷம் நான் படிவம் எழுத வேண்டும். அப்படி எழுத முடியாமல்தான் போன வருஷம் ஆறாம் அறைக்காரரை ஆஸ்பத்திரி வார்டுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு டிரைவர் சாப்பிடவே இல்லை. "என்ன அனுப்பிடாதீங்கம்மா, எனக்குப் போக்கிடம் கிடையாது" என்றார்.

ஒருநாள் காலையில் டிரைவர் வேகமாக வந்தார்.

"பதினொண்ணு சரியில்ல. சாவி எடுங்க."

போய்ப் பார்த்தால் அட்டை பச்சை. தட்டினேன், பதில் இல்லை. அதில் புதுமையும் இல்லை. தையல்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் கதவும் திறக்காது, வாயும் திறக்காது.

"பச்சையாத்தானே இருக்கு டிரைவர்? மறுபடி என்ன மாட்டிவிடப் பாக்குறீங்களா?"

"நேத்து திருப்ப மறந்திருப்பாங்க. தெறங்கம்மா."

"உள்ள தண்ணி சத்தம் கேக்குது. குளிக்கிறாங்க."

"அதாம்மா சொல்றேன். தண்ணி ஒரே சீரா விழுது. கீழ ஆள் நின்னா சத்தம் மாறிக்கிட்டே இருக்கும்."

நான் திரும்பி நடந்தேன். அவர் என் கையைப் பிடிக்க வந்தார். முதல் தடவை காற்றைத்தான் பிடித்தார்.

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா. ரெண்டு வருஷமாச்சு. அந்த அட்டைய நான் பாத்ததே இல்ல, எல்லாம் காதுதான். ஒருநாளாவது தப்பா சொல்லியிருக்கேனா?"

ஒருநாள்கூட இல்லை. ஒற்றை வார்த்தையில் தன் அறையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறார் மனிதர். சாவியைப் போட்டேன்.

தையல்காரம்மா குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்து, உடம்பு சில்லிட்டு, ஆனால் உயிரோடு. கண்ணைத் திறந்து, "யாரைக் கேட்டு உள்ள வந்த?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் போனதும் டிரைவரின் அறைக்குப் போனேன். சட்டைகளைப் பையில் அடுக்கிவைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வந்தது பாருங்கள் எனக்குக் கோபம்!

"யார் உங்களப் போகச் சொன்னா? பார்வை போச்சுன்னா தினமும் துணைக்கு ஒரு ஆள் அனுப்புவாங்க. உங்கள மாதிரி ஆளுக்குத்தானே இந்தக் கட்டடத்தையே கட்டியிருக்காங்க! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா அனுப்பிருவீங்கன்னு..." என்றார்.

பையிலிருந்த சட்டைகளை நான் வெளியே எடுத்துவைத்தேன். இரண்டு வருஷமும் தலை நிமிராமல் 'பார்வை நன்று' என்று எழுதியவள் நான்தானே.

மறுநாள் காலை அவரோடு நானும் நடந்தேன். ஒவ்வொரு கதவின் முன்னாலும் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு என் மூச்சுதான் கேட்டது. அவரோ, "ஏழு பல் தேய்க்கிறாரு. எட்டுக்கு யார் மேலயோ கோவம், பாத்திரத்த வைக்கிற வைப்பப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பதினொன்றில் யாரும் இல்லை என்று தெரிந்தும் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"என்ன கேக்குது?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல. அதத்தாம்மா தாங்க முடியல."