திறந்திருந்த கேற்

நேற்று ஒரு கடையில் புது நைலோன் நூல்கட்டைப் பிரித்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் வாங்க வந்தது என்னவென்றே மறந்துவிட்டது. கூடவே ஒரு குரலும் கேட்டது. "யன்னலைப் பூட்டினது ஆரடி?"

அது சரோ அக்காவின் குரல். யாழ்ப்பாணத்தில் வலை பின்னும் சின்ன ஆலையொன்றில் அவர் தட்டெழுத்தாளர். எங்கள் தொழிற்சங்கத்தின் செயலாளரும் அவர்தான். நான் அதே அறையில் புதிய எழுதுவினைஞர். குருநகரில் கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். முதல் நாளே அவர் அதைக் கண்டுவிட்டார்.

"உந்தக் கழுத்துப் பிடிப்புக்கு எண்ணெய் பூசு பிள்ளை."

யன்னலுக்குச் சண்டை, கதிரைக்குச் சண்டை, தேத்தண்ணி ஆறினால் சண்டை. இணுவிலிலிருந்து வரும் சைக்கிளை விட்டு இறங்கும்போதே யாரையாவது ஏசிக்கொண்டுதான் இறங்குவார்.

குண்டுபோடப் பொம்பர் விமானங்கள் வரத் தொடங்கிய காலம் அது. ஆலைக்குள் முழுக்கச் சீமெந்துத் தரை என்பதால் பதுங்குவதற்கான பங்கர்க் குழியை மதிலுக்கு வெளியே, தென்னங்காணிக்குள் வெட்டியிருந்தோம். நூல் களவு போகிறதென்று மனேஜர் மதிலின் ஒரே வாசலான கேற்றைப் பூட்டியே வைத்திருப்பார். பூட்டின் திறப்பு காவற்காரரின் இடுப்பில். காவற்காரர் தேத்தண்ணிக் கடையில். ஒருநாள் பொம்பர் தலைக்கு மேலே சுற்ற, நாங்கள் கேற்றைப் பிடித்துக் கத்திக்கொண்டு நின்றோம். குண்டு வேறெங்கோ விழுந்தது. அடுத்தமுறையும் அப்படியே நடக்குமா?

சங்கம் பேசப் போனது. குறிப்பெடுக்க அக்கா என்னைக் கூட்டிப்போனார். மனேஜர் பெரிய சத்தத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். மேசையிலிருந்த கண்ணாடிக் குவளையைக்கூட ஓரமாய் நகர்த்தி வைத்திருந்தார்.

அக்கா ஒரேயொரு வசனம் சொன்னார். "ஐயா, அண்டைக்குக் கேற்றுக்கு இஞ்சாலை நீங்களும் நிண்டனீங்கள்."

பிறகு வாயே திறக்கவில்லை. அந்த வாய்! மனேஜர் களவைப் பற்றிச் சொன்னார். பேச்சில்லை. மேலிடத்துக்குத் தான் பதில் சொல்லவேண்டும் என்றார். பேச்சில்லை. பொறுக்க முடியாமல் நான் வாயெடுத்தேன். மேசைக்குக் கீழே அக்காவின் செருப்பு என் காலில் ஏறியது. கடைசியில் மனேஜரே இறங்கிவந்தார்.

"சரி, திறந்துவிட்டால் நூலுக்கு ஆர் பொறுப்பு?"

"நாங்கள்தான். வீட்டை போகேக்கை எல்லாற்றை பையையும் நாங்களே திறந்து பாப்பம்."

வெளியே பெண்கள் கொதித்தார்கள். "எங்களைக் கள்ளியள் எண்டு ஒப்புக்கொண்டிட்டோ வாறியள், அக்கா?"

"ஓம். வெக்கத்தோடை உயிரோடை இருங்கோடி."

அன்று பின்னேரம் கேற்றடியில் முதலில் தன் பையைத்தான் கொட்டினார். சாப்பாட்டுப் பெட்டி, அரைவாசிக் கொய்யாப்பழம், கழுத்துக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தல். நான் போத்தலைப் பார்த்தேன். அவர் என்னை முறைத்தார். கோபம் ஆறாமலே மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பையைத் திறந்தார்கள்.

பொம்பர் மறுபடியும் வந்தது. கேற் திறந்திருந்தது. எல்லோரும் பங்கருக்குள் இறங்கிய பிறகு கடைசியாய் வந்த சரோ அக்கா, "தள்ளியிரடி, இதென்ன உன்ரை கொப்பற்றை வள்ளமோ?" என்று என்னை ஏசினார். அந்த ஏச்சு காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

தொண்ணூற்றைந்தில் போர் நெருங்கி ஊரே எழுந்து நடந்தபோது ஆளுக்கொரு திசையானோம். சரோ அக்கா எங்கேயென்று யாருக்கும் தெரியவில்லை. பிறகொருநாள் ஆலைப் பக்கம் போனேன். மதிலும் இல்லை, கேற்றும் இல்லை. எந்தப் பக்கத்தாலும் உள்ளே போகலாம், எந்தப் பக்கத்தாலும் வெளியே வரலாம்.

நான் கேற் இருந்த பக்கத்தாலேதான் வெளியே வந்தேன். கை தன்பாட்டில் பையைத் திறந்துகொண்டது.