கெட்டுப்போன தொண்டைக்கு ஆண்டவர் தந்த பாட்டு

கர்த்தருடைய பிள்ளைகளே, பாடிப் பழகியவனுக்குத் தொண்டை போனால் வேறென்ன மிச்சம்? 1984-இல் அந்தக் கேள்வியோடுதான் வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கழுத்தில் வளர்ந்த கட்டி குரல் நரம்பையும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆபரேஷனில் கட்டியோடு நரம்பும் போயிற்று. உயிர் தப்பியது. குரல் தப்பவில்லை.

திருவண்ணாமலையில் எங்கள் சபை சின்னது. அதில் கீர்த்தனையை எடுத்துக் கொடுப்பவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஊர் திரும்பிய முதல் ஞாயிறு வாயைத் திறந்தேன். தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதோடு ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். "ஆண்டவரே, பழைய குரலைக் கொடும், இல்லையென்றால் பாடுகிற ஆசையையாவது எடுத்துப்போடும்" என்று அழுதேன். இரண்டும் நடக்கவில்லை.

பஜாரில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. கப்பலில் வேலை பார்த்த சித்தி மகன் செல்வின் லீவில் வந்தபோது ஒரு கேசட்டும் பழைய எலக்ட்ரிக் கிடாரும் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான்.

"அண்ணா, இதுக்குப் பேரு ஹெவி மெட்டல். சத்தம் ஜாஸ்தியா இருக்கும். ஆனா பாடுறவங்க இயேசுவைப் பத்தித்தான் பாடுறாங்க. பயப்படாம கேளுங்க" என்றான்.

பயந்துகொண்டேதான் கேட்டேன். இடி மாதிரி டிரம்ஸ், அதன்மேல் கிடார் உறுமல், அதற்கும் மேலே ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் அவன் கத்தியது என் குரலில்! நான் வெட்கப்பட்டு மறைத்துவைத்த இதே குரலில் ஒருவன் ஆண்டவரைத் துதிக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் வயிற்றில் கிடந்த யோனா என்ன, சுருதி பார்த்தா ஜெபித்தான்?

கடையில் கிழிந்த ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. அதில் கிடாரைக் கொடுத்தால் அதே உறுமல் கேட்டது. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அதை வைத்துக்கொண்டு, சிலுவையில் ஆண்டவர் கதறியதைப் பற்றி நானே ஒரு பாட்டுக் கட்டினேன்.

அம்மா அதைக் கேட்டிருக்கிறார். மகனுக்குப் பிசாசு பிடித்துவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் உபவாச ஜெபக் குழு மொத்தமும் எண்ணெய்ப் பாட்டிலோடு ஷெட்டுக்குள் நுழைந்தது. என் தலையில் எத்தனை கை விழுந்தது என்றே தெரியவில்லை.

"யார் நீ? பேரைச் சொல்லு!" என்றார் குழுத் தலைவி ரூபி அக்கா.

"சாமுவேல்ங்கக்கா" என்றேன். அந்தக் கரகரப்பைக் கேட்டதும் ஜெபம் இன்னும் உக்கிரமாகிவிட்டது.

"பொய் சொல்லாதே! அவனை விட்டு வெளிய போ!"

"நான்தான்க்கா, ஆபரேஷனுக்கு அப்புறம் என் குரலே இதுதான். ஆண்டவர் பாட்டைத்தான் பாடிக்கிட்டிருந்தேன்."

அக்கா கையை எடுத்தார். "அப்போ முதல்லேர்ந்து பாடு. கேக்கறோம்" என்றார்.

கிடாரை அடித்து, அடிவயிற்றிலிருந்து பாடினேன். ரூபி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம்தான் அவருடைய ஒரே மகள் மஞ்சள் காமாலையில் இறந்திருந்தாள். கல்லறையில்கூட அழாதவர் அன்று வாய்விட்டு அழுதார்.

"என் பொண்ணு போனதுலேர்ந்து எனக்குள்ள இப்படித்தான் கத்திக்கிட்டே இருக்குது சாமு. மெதுவா பாடுற பாட்டு எதுவும் அங்க எட்டல."

அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போதகரிடம் போனார். பெரிய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானிப்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு உண்டு. நாலாவது, பிதா தம்மைக் கைவிட்டாரே என்று ஆண்டவர் கதறிய வார்த்தை. அதற்கு நான் பாடவேண்டும் என்றார் அக்கா.

"இது சர்ச்சும்மா, சினிமா கொட்டாய் இல்ல" என்றார் போதகர்.

"ஐயா, அந்த வார்த்தைய ஆண்டவர் மெதுவாவா சொன்னாரு? சத்தம் போட்டுத்தானே கூப்பிட்டாரு?"

போதகர் வேதத்தைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஸ்பீக்கரைக் காலையிலேயே கொண்டுவந்து மாட்டிடு தம்பி" என்றார்.

1986 பெரிய வெள்ளி. பாட்டைத் தொடங்கியதும் மூப்பர்கள் சிலர் எழுந்து வெளியே போனார்கள். அப்போது ரூபி அக்கா தன் இடத்தில் எழுந்து நின்று, என்னோடு சேர்ந்து கதறினார். பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். பிறகு என் அம்மா. அவரவர் துக்கத்தை அவரவர் வாயால், கூச்சமில்லாமல், ஆண்டவரிடம் சபையாகக் கத்தினோம். முடிந்ததும் வெளியே பார்த்தேன். வெளியே போன மூப்பர்கள் வாசலில் முழங்காலில் நின்றார்கள்.

பழைய குரல் இன்றுவரை வரவில்லை. ஆண்டவரிடம் அதைக் கேட்பதையும் விட்டுவிட்டேன். வருஷாவருஷம் நாலாம் வார்த்தை எனக்கென்று ஆகிவிட்டது. ஸ்தோத்திரம்!

பிரியமானவர்களே, மனசு தேறினபிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அழகான வார்த்தை அமையட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். அலறத்தான் வருகிறதென்றால் அலறுங்கள். காதைப் பொத்திக்கொள்ளாத தேவன் ஒருவர் நமக்கு இருக்கிறார்.