நூறு ஏறும்வரை ஒரு ஆட்டம்

மொந்தெவிதேயோ டாக்ஸிக்காரர்களில் எல்பியோ அளவுக்கு வாய்ச்சவடால் அடிப்பவன் கிடையாது. வண்டி அவனுடையதுகூட இல்லை, சுல்மா அக்காவுடையது. பகலில் இவன் ஓட்டுவான், சாயங்காலம் அக்காவே ஓட்டுவார். அந்த ஒரே மின்சார வண்டியை நம்பித்தான் இரண்டு வீட்டு அடுப்பும் எரிந்தது.

வேலை முடிந்ததும் அக்கா வண்டியை வீட்டுச் சுவர் பிளக்கில் செருகி, விடியும்வரை மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவார். எல்பியோவோ மத்தியானம் துறைமுகத்துப் பக்கத்து வேகச் சார்ஜ் நிலையத்துக்கு வந்துவிடுவான். எங்கள் டாக்ஸிக்காரர் கூட்டம் அங்கேதான் மாத்தே என்ற மூலிகைத் தேநீரைக் குடித்துக்கொண்டு ட்ருகோ சீட்டு ஆடும். கையில் ஒன்றுமே இல்லாமல், எல்லாம் இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வதில் எல்பியோ மன்னன்.

எண்பது சதவீதம் மளமளவென்று ஏறிவிடும். அதற்குமேல் இழுஇழு என்று இழுக்கும், ஏற்கெனவே சூடான பேட்டரிக்கு அது இன்னும் கெடுதல். ஆனால் எண்பதில் பிடுங்கினால் ஆட்டத்தைப் பாதியில் விட வேண்டுமே! எங்கள் ஊர்க் கோடையான ஜனவரி வெயிலிலும் நூறு ஏறும்வரை அவன் நாற்காலியை விட்டு அசையமாட்டான்.

"டேய், போதும்டா, பிடுங்கு. தினமும் இப்படி ஏத்தினா பேட்டரி என்னத்துக்கு ஆகும்?" என்பேன்.

"பேட்டரிக்கு அழறியா, தோத்துடுவோம்னு அழறியா? சீட்டைப் போடுடா!"

மூன்றாவது கோடையில் வண்டியின் பேட்டரி தொய்ந்துவிட்டது. சாயங்காலச் சவாரிகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டு, அக்கா அவர்களிடம் ஏச்சு வாங்கினார். ஏன் இப்படி என்று எல்பியோவிடம் கேட்டார். அவன் சீட்டாட்ட முகத்தை வைத்துக்கொண்டு, "உங்க வீட்டு வயரிங் பழசுக்கா, அதான்," என்றான். அவர் நம்பிவிட்டார்.

பிறகு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனதும் அவன்தான். மெக்கானிக் பெண் கணினியில் பார்த்துவிட்டு நேராகவே கேட்டாளாம்: "யாருங்க இது, தினமும் உச்சி வெயில்ல வேகச் சார்ஜ் போட்டு நூறு வரைக்கும் ஏத்துறது? இனிமே இது ஒரு நாளைக்கு ஒரு ஷிப்டுக்குத்தான் தாங்கும்."

மறுநாள் நிலையத்துக்கு வந்தவன் சீட்டைத் தொடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினான்.

"ஒரு ஷிப்டுதான் தாங்கும்னு மட்டும் சொன்னேன்டா. அக்கா சாவியை என் கையிலயே குடுத்துட்டாங்க. 'நீ புள்ளகுட்டிக்காரன், பகல்ல நீயே ஓட்டு, நான் சாயங்காலத்தை விட்டுடறேன்'னாங்க."

"நீ வாங்கிக்கிட்டியா?"

அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெக்கமா இல்ல உனக்கு? இப்பவே போய் உண்மையச் சொல்லு!"

"சொல்லத்தான்டா போனேன். வாயத் தொறக்கறதுக்குள்ள, 'எங்க வீட்டு வயரிங்கால உன் பொழைப்பும் கெட்டிருக்கும், மன்னிச்சிடு எல்பியோ'ன்னுட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பரவால்லக்கான்னு சொன்னேன்டா."